அந்த ஐம்பது கிராம்

வீடு கட்டியபோது தரைக்கு மார்பிளா டைல்ஸா என்ற கேள்வி வந்தது. மனைவி டைல்ஸ் என்றாள். காபி ஆறுவதற்குள் விஷயம் முடிந்தது. கோல்ஃப் மட்டைக்கு ஸ்டீல் ஷாஃப்டா கிராஃபைட் ஷாஃப்டா என்ற வழக்கு மட்டும் தீபாவளிக்குத் தொடங்கி, பொங்கலைத் தாண்டி, மாம்பழ சீசன் வரை வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தது. காரணம், இதில் முடிவெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள்.

நந்தனம் மைதானத்தில் உறுப்பினர் என் மைத்துனர்தான். நான் அவருடைய நிரந்தர விருந்தாளி. நான் அடிக்கும் பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறி, வலப்பக்கம் வேலியோரம் போய் ஒதுங்கும். இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். மட்டையைச் சுழற்றும் விதம் சரியில்லை என்பது மைத்துனர் கட்சி. ஷாஃப்ட் சரியில்லை என்பது என் கட்சி. உலகெங்கும் சுமாராக ஆடுகிறவர்களை எண்ணிப் பார்த்தால் என் கட்சிக்குத்தான் பெரும்பான்மை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டைக்கு அடியில் தலை, மேலே ரப்பர் பிடி, நடுவில் ஓடும் நீளக் குழாய்தான் ஷாஃப்ட். ஸ்டீல் ஷாஃப்ட் பழைய தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனாவைப் போலக் கணுக்கணுவாக மெலிந்து இறங்கும். கிராஃபைட் வேறு ஜாதி. பிசினில் தோய்ந்த கார்பன் இழைத் தாள்களை ஓர் உருக்குக் கோலில் இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, கோலை உருவிவிடுவார்கள். அயர்ன் மட்டைகளில் போடும் ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 90இலிருந்து 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட்டில் 50, 60 கிராமுக்கும் கிடைக்கும். எடை குறைந்தால் கை வேகமாகச் சுழலும், பந்து தூரம் போகும். எடை இருந்தால் மட்டையின் தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும், பந்து சொன்ன பேச்சு கேட்கும். தூரமா, பேச்சு கேட்பதா என்பதுதான் கேள்வி. என் பந்து இரண்டையும் செய்ததில்லை என்பதால் எனக்கு எந்தப் பக்கமும் சாயமுடியவில்லை.

முடிவெடுக்கத் தெரியாதவன் ஆராய்ச்சியில் இறங்குவான். வீடு தூங்கிய பிறகு நானும் இறங்கினேன். ஆதியில் எல்லாம் ஹிக்கரி மரம். ஸ்டீல் வந்தபோது அது மோசடி என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அமெரிக்காவில் 1924இல் அனுமதித்தார்கள். பிரிட்டன் 1929 வரை இழுத்தடித்தது. வேல்ஸ் இளவரசர் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஸ்டீல் மட்டையோடு ஆடிவிட்டாராம். இளவரசரை விலக்குவதா விதியை மாற்றுவதா என்று யோசித்து விதியை மாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. செல்வாக்குள்ள மைத்துனர் அமைந்தால் எந்த ஊரிலும் இப்படித்தான். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டே, 1930இல், பாபி ஜோன்ஸ் அந்தக் காலத்து நான்கு பெரிய பட்டங்களையும் மரத்தண்டு மட்டைகளாலேயே வென்றுவிட்டார். இந்தச் செய்தி என் கட்சிக்கு உதவாது என்பதால் மைத்துனரிடம் சொல்லவில்லை.

கிராஃபைட்டின் கதை இன்னும் வேடிக்கை. 1969இல் அதை உருவாக்கியவர் ஃபிராங்க் தாமஸ் என்ற பொறியாளர். அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் ஷேக்ஸ்பியர்! தூண்டில் தடிகளுக்குப் பெயர்போன கம்பெனி. கேரி பிளேயர் 1965இல் அமெரிக்க ஓப்பனை வென்றதும் அதே கம்பெனியின் ஃபைபர் கிளாஸ் ஷாஃப்டால்தான். அன்றிரவு எனக்கு ஞானோதயம் வந்தது. நான் ஹாம்லெட்டாக அலைவது என் குணக்கேடு இல்லை. பொருளோடு கூடவே வருகிற வியாதி.

பணம் கேட்க ஒரு காரணம் வேண்டுமே. முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பந்துக்குப் பதில் தரையை அடித்தால் ஸ்டீலில் அந்த அதிர்ச்சி விரலிலிருந்து தோள் வரை ஏறும்; கிராஃபைட் அதைப் பாதி வழியில் விழுங்கிவிடும். இது பொய்யில்லை. கைவலிக்காரர்கள் அதற்காகவே மாறுகிறார்கள். ஆகவே இதை விளையாட்டுச் செலவில் எழுதாமல் வைத்தியச் செலவில் எழுத வேண்டும் என்று வாதாடினேன்.

“தண்ணி கேன் தூக்கச் சொன்னா மட்டும்தானே அந்தக் கை வலிக்கும்?” என்றாள் மனைவி.

பிறகு, கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசை எடுத்து வந்தாள். என்னுடைய ஸ்டீல் ஏழாம் நம்பர் அயர்ன் ஒன்று, மைத்துனரிடம் இரவல் வாங்கிய கிராஃபைட் ஒன்று. தராசின் மேல் ஒரு சாம்பார் கிண்ணத்தைக் கவிழ்த்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மட்டையைக் குறுக்கே கிடத்தினாள். தலைப்பக்கம் சாய்ந்தது. விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கிண்ணத்தின் முதுகில் அது ஆடாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் கையை எடுத்தாள். 430. அடுத்தது 380. அவள் கையில் இருக்கும் நிதானம் என் கைக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

“அம்பது கிராமா? இதைக் கம்புல குறைக்கத்தான் இவ்வளவு ஆயிரமா? வயித்துல அஞ்சு கிலோ செலவில்லாம குறைக்கலாமே!”

கடைக்குப் போனால் அங்கே வேறு அவமானம். ஷாஃப்டின் வளைவுக்கு எழுத்துகள் உண்டு. எல் பெண்களுக்கு, ஏ மூத்தவர்களுக்கு, ஆர் சாதாரணம், எஸ் விறைப்பு, எக்ஸ் படு விறைப்பு. தூர அடிக்கு எடுக்கும் டிரைவர் மட்டையை மணிக்கு 85 மைல் வேகத்துக்கு மேல் சுழற்றினால் ஆர், 95ஐத் தாண்டினால் எஸ் என்பது பொதுக் கணக்கு. தொழில்முறை ஆண்கள் சராசரியாக 110க்கு மேலேயே சுழற்றுகிறார்கள். மூச்சைப் பிடித்து நான் வீசியதை இயந்திரம் 78 என்றது. “உங்களுக்கு ஏ போதும் அங்கிள்” என்றான் கடைப்பையன். அங்கிளையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த எழுத்துகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் ஆருக்குச் சமமாக இருக்கலாம். உலகத்திலேயே தொளதொளப்பான எஸ் செய்கிற புண்ணியவான் யார் என்று தேடுவதில் கோடை விடுமுறை கழிந்தது.

கடைசியில் தீர்ப்பு வந்துவிட்டது. எழுதியது மேலிடம், வாசிப்பது நான். டிரைவருக்குக் கிராஃபைட்தான். டைகர் வுட்ஸ் 2000களின் தொடக்கம் வரை அதிலும் ஸ்டீல் வைத்திருந்தார். இன்று பெரிய போட்டிகளில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அயர்னில் கையில் வேகமும் முழங்கையில் தெம்பும் உள்ளவர்களுக்கு ஸ்டீல்; தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். பிரைசன் டிஷாம்போ போன்ற பலசாலி அயர்னிலும் கிராஃபைட் வைத்திருப்பதால், அது கிழவர் சமாச்சாரம் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வேகம் குறைந்து, தரையையும் அடிக்கடி அடிப்பவர்களுக்குக் கிராஃபைட். ஸ்லைஸுக்கு இரண்டிலுமே மருந்து இல்லை.

அந்த வகையில் என்னுடைய ஸ்டீல் அயர்ன் செட் இப்போது விற்பனைக்கு இருக்கிறது. துரு இல்லை, தலையில் மண்ணடிபட்ட வடு உண்டு, பந்து பட்ட வடு அதிகம் இல்லை. வாங்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை வரலாம். விலையை என்னிடம் பேச வேண்டாம், உள்ளே பேசுங்கள்.