சுரைக்காயில் கந்தல் கட்டுதல்: பைல் நாட்டை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

கொல்லிமலை என்றதும் நம் ஆய்வாளர்கள் வல்வில் ஓரியைப் பிடித்துக்கொள்கிறார்கள், பிறகு விடுவதில்லை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பு துளைத்ததாகப் புறநானூறு 152 சொன்னாலும் சொன்னது, கட்டுரைகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்த ஐந்தில் வீட்டுத் தோட்டத்துக்குச் சம்பந்தப்பட்டது பன்றி ஒன்றுதான் என்பதை மட்டும் ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

களம்: மலையின் 14 நாடுகளுள் ஒன்றான பைல் நாட்டில், அம்மாயி வீட்டுப் புழக்கடை. காலம்: கோடைக் கடைசி. இது எப்போது என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. அக்னி நட்சத்திரம் கழிந்தால் என்கிறது பஞ்சாங்கம். தென்மேற்குப் பருவமழை வரட்டும் என்கிறது வானிலைத் துறை. அடுப்புச் சாம்பலை விதைக்கென்று சலித்து எடுத்து வைக்கும் நாள் என்கிறார் அம்மாயி (வாய்மொழி, திண்ணை). இக்கட்டுரை மூன்றாம் தரப்பையே ஏற்கிறது. மற்ற இருவரும் எனக்குக் காபி கொடுத்ததில்லை.

இனி வகைப்பாடு. தக்காளி: முடிந்தது. கீரை: ஆய்வு தொடங்குவதற்கு முந்தின இரவே கடைந்தாயிற்று. கத்தரி: அடியோடு பிடுங்காமல் கவாத்து செய்து எரு வைத்தால் மறுபடி தழைத்துக் காய்க்கும், பணிநீட்டிப்பு பெற்ற பேராசிரியரைப் போல, முன்னளவுக்கு இல்லை. அவரை: ஆடிப்பட்டத்தில் ஊன்றினாலும் பகல் குறுகும்வரை பூக்காது, அதுவரை இலை மட்டுமே வெளியிடும்.

சுரைக்கு வருவோம். கொடியில் எல்லாக் காயையும் பறித்தபின், நடுக்கொடியில் திரட்சியான ஒன்றை மட்டும் விட்டு, காம்பில் கந்தல் துணி கட்டியிருக்கிறது. ஏன்?

விதைக்கு விட்ட காய், யாரும் பறித்துவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் என்பது ஒரு கொள்கை (அம்மாயி, மேற்படி திண்ணை). கண்ணேறு கழிக்க என்பது இன்னொன்று (அம்மாயி, திருத்திய இரண்டாம் பதிப்பு, எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போன பின்). இரண்டுமே தவறு, கையில் அகப்பட்ட துணியைத் துடைத்துவிட்டு அங்கே மாட்டியதுதான் என மறுப்பவர் சின்ன மாமா (வேலிக்கு அப்பாலிருந்து கூவிய மறுப்புரை, இரண்டு தொகுதிகள், இரண்டாம் தொகுதியைக் காற்று கொண்டுபோய்விட்டது).

துணியின் நிறம் குறித்த சர்ச்சை இதைவிடக் கடுமையானது. இன்று அது சாம்பல் நிறம். மூலத்தில் நீலம் என்பது சித்தியின் துணிபு (சித்தி, 'என் சேலையைக் கிழித்தது யார்?', சமையற்கட்டு வெளியீடு, உரத்த குரல் பதிப்பு, கிடைத்த படியில் முதற்பக்கம் சிதைந்துள்ளது). பச்சை என்று வாதிட்ட அத்தை, தன் கட்சிக்குச் சான்றாக அதே சேலையின் முந்தானையைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். அது சிவப்பாக இருந்தது. முந்தானை பிற்கால இடைச்செருகல் என்று முடிவு செய்தோம்.

இதற்கிடையே காய் தன்பாட்டுக்கு முற்றிக்கொண்டிருந்தது. பறிக்காமல் முற்றவிட்டதால் கொடி புதுக்காய் வைப்பதைக் குறைத்துக்கொண்டது. ஓடு கெட்டியாகி, காம்பு காய்ந்து, குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். பிறகு உடைத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, போன வருஷத்துக் குடுக்கையிலேயே போட்டு வைத்தால் ஆடிக்கு ஆயிற்று. மேற்கோள் இல்லாமல் நிகழ்ந்ததால் இப்பகுதியைப் பல்கலைக்கழகங்கள் ஏற்காமல் போகலாம்.

அந்தச் சமயத்தில்தான் சமவெளியிலிருந்து ஓர் அறிஞர் கள ஆய்வுக்கு வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைசுற்றல் அடங்குவதற்குள் வினாநிரலை முடித்துவிட்டார். கந்தலைக் கண்டதும் முகம் மலர்ந்தது. படம் எடுத்தார், அளந்தார், அவிழ்த்தார், உறையிலிட்டு 'மலைமக்கள் நேர்த்திக்கடன்' என்று மேலே எழுதினார். காயைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இது தொடர்பா வேறு ஏதாவது சடங்கு உண்டாங்கம்மா?" என்று கேட்டார்.

"உண்டு சாமி" என்றார் அம்மாயி. "படலைத் தொறந்தா சாத்தணும். பன்னி வரும்."

எழுதிக்கொண்டார். படலைச் சாத்தாமலே போனார்.