டோல்கேட் அதியமான்

முதலாளி, டோல்கேட்டில் பொருளை மதிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற டயர் கடைக்காரர்கள் கம்ப்ரஸர் தேய்ந்தால் மாற்றிவிடுகிறார்கள். உங்களுக்கு அது அப்பா வாங்கியது. கன்டெய்னர் லாரி டயருக்கு 110 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும். கேஜ் முள் 80-க்கு வந்து நின்று யோசிக்கும். டிரைவர்களுக்கு ஒரு டீயும் தூக்கமும் கிடைக்கிறது. அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்.

பிஸ்டன் ரிங் தேய்ந்ததால் பத்து ஹெச்.பி. மோட்டார் தினம் மூன்று மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது. மணிக்கு ஏழரை யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றே வையுங்கள். வருடத்தில் 150 நாள்தான் அது கடையில் இருக்கும் என்றாலும் 27,000 ரூபாய். மின்வாரியத்துக்கு இப்படிக் கேட்காமலே கொடுக்க யாருக்கு மனம் வரும்?

வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்தால், லட்ச ரூபாய் மெஷின் 20 வருடத்தில் கணக்கில் நாலாயிரத்துக்கும் கீழே. "கழிந்துபோன மெஷின், இனி ஓடுவதெல்லாம் லாபம்" என்றீர்களே, ஆடிட்டரே வாயடைத்துப் போனார். பொறியியல் பொருளாதாரம் படித்தவர்கள் வேறு மாதிரி. போட்ட காசைப் பேசவே விடமாட்டார்கள். இன்று காயலான் கடையில் என்ன கிடைக்கும், வரும் வருடம் கரண்டும் ரிப்பேரும் வேலை நின்ற நாளும் எவ்வளவு என்று ஒரு பக்கம் கூட்டுவார்கள். புது மெஷின் விலையை வட்டியோடு அதன் ஆயுளுக்குப் பங்கிட்டு, ஓட்டும் செலவையும் சேர்த்து மறுபக்கம் வைப்பார்கள். வருடம் ஏற ஏற விலையின் பங்கு குறையும், பராமரிப்பு கூடும். இரண்டும் சேர்ந்த தொகை எந்த வருடம் மிகக் குறைவோ அதோடு விடைகொடு என்பார்கள். கல்நெஞ்சக்காரர்கள். அந்த வருடம் எப்போது போனது என்று கணக்குப் பார்க்கும் அற்பர் அல்ல நீங்கள்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. 2017 மார்ச் 31-ல் மூடிவிட்டார்கள். 47 வருடத்திலேயே அரசாங்கத்துக்குச் சலித்துவிட்டது. உங்கள் கம்ப்ரஸர் அந்த வயதைத் தாண்டும், நீங்கள் விடமாட்டீர்கள்.

தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளப்பதையும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஔவை பாடினாள். உங்கள் கம்ப்ரஸரும் பாதி வருடத்துக்கு மேல் காயில் கட்டும் கடையில்தான் கிடக்கிறது. அதியமான் அந்தப் பெயர் வாங்கப் போர்க்களம் போகவேண்டியிருந்தது. நீங்கள் ஒரு டயருக்கும் முழுசாகக் காற்று அடிக்காமலே வாங்கிவிட்டீர்கள்.