சோற்றுக் கணக்கு

1982ல் மந்தைவெளியில் நாங்கள் இருந்த ஸ்டோர் வீட்டில் ஏழு குடித்தனம், ஒரு கிணறு. பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்கென்று பெரியவர்கள் ஒதுக்கிய ஆண்டுத் தொகை, கோடை விடுமுறையில் ஆளுக்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய். கல்விக்குக் கோனார் நோட்ஸ், அதுவும் அண்ணன் படித்துக் கிழித்து மிச்சம் வைத்தது. மனநலத்துக்கு முதுகில் இரண்டு அறை, அதிலும் சரியாகவில்லையென்றால் கபாலி கோயில் விபூதி.

அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கி வைத்தார். செப்டம்பரில் அது நகரத்துக்கும் வந்து, எங்கள் மாநகராட்சிப் பள்ளியில் அடுப்பு மூட்டினார்கள். பதினோரு மணிக்கே சாம்பார் கொதிக்கும் வாசனை வகுப்புக்குள் வந்துவிடும். அதன்பிறகு வாய்ப்பாடு சொன்னவர் ஒருவருமில்லை. பின்னாலேயே பல்பொடியும் கொடுத்தார்கள். தேய்த்தது போக மிச்சத்தைத் தின்றோம், இனிப்பாக இருக்கும்.

ஸ்டோர் திண்ணையில் இதைப் பற்றித் தினமும் விவாதம். முதல் போர்ஷன் வங்கி மாமா தன் பிள்ளை பேரில் மாதாமாதம் ஆர்.டி. கட்டிக்கொண்டிருந்தவர். “வரிப்பணம் பூரா சாம்பாராப் போறது ஓய்! சேமிப்புன்னா என்னன்னு இவாளுக்குத் தெரியுமோ?” என்பார். மாமாவின் முணுமுணுப்பு ஒன்றும் புதிதல்ல, திண்ணையைவிட அதற்கு வயது அதிகம். 1920ல் தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தீர்மானித்தபோதே, தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக்கூடாது என்று கடிவாளம் போட்டுத்தான் தொடங்கினார்கள். அதுவும் பொறுக்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியை இதற்கெல்லாம் தொடக்கூடாது என்று மேலிடம் தடுக்க, 1925ல் அடுப்பு அணைந்தது. ஏகாதிபத்தியத்துக்கும் அந்த ஓர் அணா உறுத்தியிருக்கிறது. 1956ல் காமராஜர் மறுபடி மூட்டியபோதும் காசு எங்கே என்றுதான் கேட்டார்கள்.

“நமக்கெதுக்கு அது?” என்று அம்மா எனக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து அனுப்புவாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்பவரின் மகள். அவளுக்கு என் தயிர்சாதம் பிடித்தது, எனக்கு அவள் தட்டுச் சோறு. நடுத்தர வர்க்கத்தின் கௌரவமும் அரசாங்கத்தின் சாம்பாரும் தினசரி கைமாறின. எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவன் ஒருத்தன், ஆயாவை “அம்மா, அம்மா” என்று குழைந்தே இரண்டாவது கரண்டி வாங்கிவிடுவான். அவன் கதைக்கு வருகிறேன்.

மீன்காரம்மா மகள் வளர்ந்தபோது அரசாங்கம் அவள் மீது இன்னொரு தொகையும் போட்டது. 1989ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவி அது, எட்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய். பிற்பாடு 2011ல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது, 2016ல் அது 8 கிராமானது. படிப்புக்குப் பரிசு தாலியா என்று சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ‘எட்டாவது வரைக்குமாவது போகட்டும்’ என்று எத்தனையோ வீடுகளைச் சொல்ல வைத்தது அந்தக் காசு. அவள் பெண் கல்லூரியில் சேர்ந்த 2022ல் அதே அம்மையார் பெயரில் கணக்கு மாறியது. செப்டம்பர் 5ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் வந்து, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி முடிக்கிறவரை மாதம் 1,000 ரூபாய் என்றானது. அந்தப் பெண் அம்மாவைவிட ஒரு தலை உயரம்.

உயரம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் 2021ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பள்ளியில் இலவச மதிய உணவு சாப்பிட்ட சிறுமிகள் தாயான பிறகு, அவர்கள் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைந்திருக்கிறதாம். வட்டி அடுத்த தலைமுறையின் எலும்பில் ஏறுகிறது. வங்கி மாமாவின் ஆர்.டி.யில் அந்த வசதி இல்லை. உயர்கல்வியில் சேருகிறவர்களின் விகிதம் 2021-22 கணக்குப்படி நாட்டுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. இதையெல்லாம் சோறே செய்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சோறில்லாமல் நடந்திருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஒரு குறை உண்டு. அந்தச் சோற்றைப் பொங்கிப் போட்ட அம்மாக்கள் காலமுறை ஊதியம் கேட்டு இன்றைக்கும் தெருவில் உட்காருகிறார்கள்.

ஸ்டோர் போய் அடுக்ககம் வந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் ‘இங்கே விளையாடக் கூடாது’ என்று பலகை. மூன்று தெரு தள்ளி இருக்கும் மைதானம் மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாடகைக்குக் கிடைக்கும். குழந்தைகளுக்கு வைட்டமின் டி குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது. வெயில் நம்மூரில் இலவசம் என்பதால் யாரும் நம்புவதில்லை, மாத்திரைதான் வாங்குகிறார்கள்.

இரண்டாவது கரண்டிக்காரர்தான் இன்று எங்கள் சங்கச் செயலாளர். பையனை டாக்டராக்க ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் பயிற்சி மையத்தில் கட்டுகிறார். காலை ஐந்தரைக்குக் கிளம்பும் பையன், கையில் ஒரு டப்பா புரதப் பொடிக் கரைசலோடு ஆட்டோவில் தூங்கிக்கொண்டே போகிறான். தூக்கம் வரவில்லை, படபடப்பு என்கிறானாம். அதற்கு வாரம் ஒருமுறை ஆலோசகர், அவருக்குத் தனிக் கட்டணம். எல்லாச் செலவையும் சேர்த்து “இன்வெஸ்ட்மென்ட்” என்கிறார்.

2025 ஆகஸ்ட் 26ஆம் தேதி மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில், நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அரசின் காலை உணவுத் திட்டத்தை விரிவாக்கும் விழா நடந்தது. முதலமைச்சர் ஸ்டாலினோடு பஞ்சாப் முதலமைச்சரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று சாயங்காலம் செயலாளர் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மதியம் போட்டது போதாதுன்னு இப்ப டிபன் வேறயா மேடம்? இலவசம் குடுத்துக் குடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க. நாமெல்லாம் இப்படியா வளர்ந்தோம்?”

நான் பதில் சொல்லவில்லை, மூன்றாவது மாடி வந்துவிட்டது. கதவு மூடுவதற்குள் கையை நீட்டி நிறுத்தினார்.

“ஆமா, புதன்கிழமை பொங்கலாமே. முந்திரி போடறாங்களா?”