மாட்டுக்கு ஒம்பது மணி நேரம், மாப்ளைக்கு எம்புட்டு?

என்ன மாப்ளே, மூஞ்சியெல்லாம் தெளிச்சியா இருக்கு? ஓ, ஆபீஸ்ல ஸ்ட்ரெஸ் மேனேஜ்மெண்ட் வகுப்பு எடுத்தாகளா! சந்தோசம். எங்க காலத்துல யாருக்குய்யா கிடைச்சது இந்தக் குடுப்பினை? சனிக்கிழமை லீவு நாள்தான், அதனால என்ன? காலையில ஒம்பது மணிக்கு நம்ம புனே ஹிஞ்சவடிக்கு வரச்சொல்லி, ஓய்வு எடுக்கிறது எப்படின்னு மத்தியானம் வரைக்கும் உக்கார வச்சு சொல்லிக்குடுத்திருக்காக. நீயும் கசார்வாடியில இருந்து கிளம்பி, நாசிக் பாட்டா பாலம் ஏறி, வாகட் நெரிசல்ல கிடந்து வெந்து, ஓய்வைக் கத்துக்கிட்டு, அதே நெரிசல்ல திரும்பி வந்திருக்கே. பேசாம வீட்டுல படுத்துத் தூங்கியிருந்தா ஓய்வைப் பத்தி ஒனக்கு என்ன தெரிஞ்சிருக்கும், சொல்லு.

கையில அது என்ன, மஞ்சப் பந்து? ஆள் ஒண்ணுக்கு ஒரு பந்து குடுத்தாகளா? கோவம் வந்தா அமுக்கணுமாம். ஒரு பக்கம் சிரிச்ச மூஞ்சி போட்டிருக்கு, மறு பக்கம் கம்பெனி பேரு அச்சடிச்சிருக்கு. வெவரமான ஆளுகதான். யாரை நினைச்சு அமுக்கணும்னு மறந்துறக் கூடாதுல்ல.

ஒரு பாரமும் குடுத்திருக்காக போல. 'உங்கள் மன அழுத்தம் ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு?' இதை மட்டும் அவசரப்பட்டு நிரப்பிறாதே. 2024 டிசம்பர்ல நொய்டாவுல 'யெஸ் மேடம்'னு, வீட்டுக்கே வந்து அழகுபடுத்திவிடுற கம்பெனி ஒண்ணு, இதே மாதிரி கணக்கெடுத்துச்சு. ரொம்ப அழுத்தமா இருக்குன்னு எழுதினவுகளை எல்லாம் வேலையை விட்டு அனுப்புறதா ஒரு கடுதாசி வெளிய வந்து ஊரே கொதிச்சுப் போச்சு. ரெண்டொரு நாள்ல கம்பெனியே முன்னாடி வந்து, யாரையும் அனுப்பலை, மன அழுத்தத்தைப் பத்தி விழிப்புணர்வு உண்டாக்கத்தான் அப்படிச் செஞ்சோம்னு சொல்லிச்சு. விழிப்புணர்வுதானே, நல்லாவே வந்துச்சு. படிச்சவன் ஒருத்தனுக்கும் ராத்திரி தூக்கம் வந்திருக்காது. அதனால நீ மூணுன்னு போடு. ஒண்ணுன்னு போட்டா இன்னும் ரெண்டு ப்ராஜெக்ட் தருவான். பத்துன்னு போட்டா இருக்கிற ப்ராஜெக்டையும் பிடுங்கிருவான்.

மாமன் படிக்காதவன், கிண்டல் பண்றான்னு நினைக்காதே. படிச்சவுக சொன்னதும் எங்கிட்ட இருக்கு. பேத்திதான் போன்ல வாசிச்சு அர்த்தம் சொன்னா. ஆக்ஸ்போர்டுல வில்லியம் ஃப்ளெமிங்குன்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு. பிரிட்டன்ல 233 நிறுவனத்துல வேலை பாக்குற 46,336 பேரோட கணக்கை எடுத்து 2024-ல ஒரு கட்டுரை போட்டாரு. மன உறுதி வகுப்பு, தியானம், போன்ல தூங்கவைக்கிற செயலி, நேரத்தைப் பங்குபோடச் சொல்லித் தர்ற பாடம்னு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, அதுல சேந்தவன் எப்படி இருக்கான், சேராதவன் எப்படி இருக்கான்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்காரு. சேந்தவன் ஒண்ணும் ஒசத்தியா இல்லையாம். கொஞ்சமாவது நல்லது செஞ்ச மாதிரி தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், பிறத்தியாருக்குத் தொண்டு செய்யப் போறது. நீயும் செய். ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ் போனை வச்சதுக்கப்புறம் நேரம் கிடந்தா தாராளமா செய்.

எங்க அய்யா கரிசக்காட்டுல வண்டி மாடு வச்சிருந்தாரு. நுகத்தடி உரசி மாட்டுக் கழுத்துல புண்ணு வந்தா மஞ்சளைக் குழைச்சு விளக்கெண்ணெயோட அப்புவாரு. அப்பிட்டு மறுநாள் காலையில அதே மாட்டை அதே நுகத்துல பூட்ட மாட்டாரு. புண்ணு ஆறுற வரைக்கும் மாடு தொழுவத்துல நிக்கும். உங்க கம்பெனியும் மஞ்சளை நல்லாத்தான் அப்புது. அப்பின கையோட 'திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிரணும்'னு பூட்டிருது பாரு, அங்கதான் எங்க அய்யாவும் உங்க ஹெச்.ஆரும் பிரியிறாக.

மாடுன்னு சொல்லிட்டேனேன்னு கோவிச்சுக்காதே. சட்டப்படி பாத்தா மாடு ஒன்னைவிட ஒரு படி மேல. வண்டி இழுக்குற, பொதி சுமக்குற பிராணிகளுக்குன்னு 1965-ல மத்திய சர்க்கார் விதி போட்டுச்சு. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது. ஓய்வு குடுக்காம ஒரேமுட்டா 5 மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரிக்கு மேல போனா மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் பூட்டவே கூடாது. மனுசனுக்கு 1948 பாக்டரி சட்டம் வச்சதும் இதே கணக்குதான். நாளைக்கு 9, வாரத்துக்கு 48, அஞ்சு மணி நேரத்துக்குள்ள அரை மணி இடைவேளை. ஆபீஸுக்கும் கடைக்கும் மகாராஷ்டிரா 2017-ல போட்ட சட்டத்துலயும் அதே ஒம்பது, அதே நாப்பத்தெட்டு. ஆகமொத்தம் மாடும் நாமளும் ஒரே தட்டுலதான் இருந்தோம். 2025 செப்டம்பர்ல மகாராஷ்டிரா மந்திரிசபை கூடி, ஆபீஸுக்கு ஒம்பதைப் பத்தாக்கவும் பாக்டரிக்கு ஒம்பதைப் பன்னெண்டாக்கவும் ஒப்புதல் குடுத்துச்சு. மாட்டு விதியில யாரும் கை வைக்கலை.

நீ அந்தப் பத்துக்குள்ளயாவது வாரியான்னு பாத்தா அதுவும் சந்தேகம். 2017 சட்டம் மேனேஜர் வேலை, மேற்பார்வை வேலை பாக்குறவுகளைத் தொடாது. போன வருசம் ஒனக்கு 'டீம் லீட்'னு பட்டம் கட்டி, கேக் வெட்டி, கை தட்டினாகளே? சம்பளம் எம்புட்டு ஏறுச்சுன்னு நான் கேக்கலை. மாடு அந்தக் கேக்கைத் தின்னிருக்காது, அம்புட்டுத்தான் சொல்லுவேன்.

மணிக்கணக்குன்னதும் ஞாபகம் வருது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-ல சொன்னாரு. 2025 ஜனவரியில எல் அண்ட் டி தலைவர், நம்மாளு, எஸ்.என். சுப்ரமணியன் அதை 90-க்கு ஏத்தினாரு. ஞாயித்துக்கிழமையும் வேலை வாங்க முடியலையேன்னு அவருக்கு ஆதங்கம். வீட்டுல உக்காந்து எம்புட்டு நேரந்தான் பொண்டாட்டி மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருப்பீகன்னு கேட்டாரு. இதை உங்க அத்தைகிட்ட சொன்னேன். 'நாங்க எம்புட்டு நேரம் இவுக மூஞ்சியைப் பாக்குறதாம்?'னு கேட்டுட்டு அவ பாட்டுக்குப் பூண்டு உரிச்சா. உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021-ல ஒரு கணக்குச் சொல்லியிருக்காக. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதுக்கு மேலயும் வேலை பாக்குறவனுக்கு, 35, 40 மணி நேரம் பாக்குறவனைவிட பக்கவாதம் வர்ற வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல். இருதய நோயில போற வாய்ப்பு 17 சதவீதம் கூடுதல். 90-க்குக் கணக்குப் போட அவுகளுக்குத் தோணலை போல.

இந்த இடத்துல கிண்டலை நிறுத்திக்கிறேன், மாப்ளே. நம்ம புனேயிலயே, எரவாடா ஆபீஸ்ல, எர்ன்ஸ்ட் அண்ட் யங் கம்பெனியில 2024 மார்ச்சுல கேரளத்துப் பிள்ளை ஒண்ணு வேலைக்குச் சேந்துச்சு. 26 வயசு. கஷ்டப்பட்டு சி.ஏ. முடிச்ச பிள்ளை, அதுக்கு அதுதான் முதல் வேலை. ஜூலை 20-ஆம் தேதி போய்ச் சேந்துருச்சு. வேலைப் பளுதான் எம் பிள்ளையைக் கொண்டு போச்சு, அடக்கத்துக்குக்கூட ஆபீஸ்ல இருந்து ஒருத்தரும் வரலைன்னு தாய் அந்தக் கம்பெனியோட இந்தியத் தலைவருக்குக் கடிதம் எழுதினா. செப்டம்பர்ல அது நாடு பூரா பரவுச்சு. வேலைப் பளு உயிரை எடுத்திருக்கும்னு நாங்க நம்பலைன்னு கம்பெனி சொல்லிச்சு. தொழிலாளர் துறை அதிகாரிக போய்ப் பாத்தா, அந்த ஆபீஸ் 2007-ல இருந்து கடை, நிறுவனச் சட்டப்படி பதிவே பண்ணாம நடந்திருக்கு. பதிவே இல்லைன்னா ஒம்பது மணி நேரத்தை யாரு போய் எண்ணுறது? அதே மாசம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில ஒரு கல்லூரி விழாவுல, அழுத்தத்தைத் தாங்குறதுக்கு வீடும் கல்லூரியும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரணும், தெய்வ நம்பிக்கையால உள்பலம் வரும்னு பேசினாக. எதிர்ப்பு கிளம்பவும், அந்தப் பிள்ளையைக் குறை சொல்லலைன்னு விளக்கமும் குடுத்தாக. சாமியைக் கும்பிடுறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா தாங்குறவனுக்கே எல்லாரும் பாடம் எடுக்குறாக, ஏத்துறவனுக்கு எடுக்க ஒரு வாத்தியாரையும் காணோம்.

நான் போசரியில ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புல லேத் ஓட்டி ஓய்ஞ்சவன். எங்களுக்கு முதல்ல ஒரு மராத்திக்கார போர்மேன் இருந்தாரு. வாயைத் திறந்தா வசவுதான். ஆனா காலையில அன்னைக்குச் செய்ய வேண்டிய ஜாபை மேசையில கொட்டிட்டு, 'சாயங்காலத்துக்குள்ள முடிங்க, எதை முதல்ல எடுக்கணும்கிறது உங்க பாடு'ன்னு போயிருவாரு. லேத்துல கடையுற புஷ்ஷுல கஷ்டமானதை வெயிலுக்கு முன்னாடி ஓட்டுவோம். லேசானதை டப்பா திறந்து சாப்பிட்ட பெறகு ஓட்டுவோம். கண்ணு சொருகுனா மெஷினை நிறுத்திட்டு ஒரு கட்டிங் சாய் குடிச்சிட்டு வருவோம். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாக. அவருக்குப் பெறகு நல்ல பேச்சு பேசுற ஒருத்தர் வந்தாரு. 'பாயி, பாயி'ன்னுதான் கூப்பிடுவாரு. கையில மட்டும் ஸ்டாப்வாட்ச். முதுகுக்குப் பின்னால நின்னு, சக்குல இரும்பை மாட்ட எத்தனை செகண்டு, உளியை மாத்த எத்தனை செகண்டுன்னு குறிப்பாரு. அதே லேத்து, அதே புஷ், எண்ணிக்கைகூட அதேதான். ஆனா கை நடுங்கும். வெர்னியர் வச்சு அளந்தா எங்கேயோ நிக்கும். வீட்டுக்குப் போயும் அந்தக் கடிகாரம் காதுல கேக்கும். வேலை கூடாம, ஒரு வசவுகூட விழாம, மனுசனுக்குச் சீக்கு வந்துச்சு.

இதைத்தான் லண்டன்ல வெள்ளைக்காரன் வருசக்கணக்கா ஆராய்ஞ்சு சொன்னான். வைட்ஹால்னு அவுகளோட சர்க்கார் ஆபீஸ் இருக்கிற தெரு. 1967-ல தொடங்கி அங்க வேலை பாத்த ஆம்பளைக பதினெட்டாயிரம் பேரைக் கவனிச்சுக்கிட்டே வந்தாக. பெரிய அதிகாரிக்குத்தானே பொறுப்பு அதிகம், அவருக்குத்தானே நெஞ்சு வலிக்கணும்? கீழ்மட்டத்துல இருந்தவுகதான் அதிகமாச் செத்தாக. மைக்கேல் மார்மட்டுன்னு ஒரு டாக்டர் அதுக்கப்புறமும் தொடர்ந்து பாத்து, தன் வேலையில தனக்குப் பிடிமானம் இல்லாததும் இதுக்குப் பெரிய காரணம்னு சொன்னாரு. போசரிக்கு வந்திருந்தா ரெண்டு நாள்ல சொல்லி அனுப்பியிருப்பேன்.

வகுப்பே எடுக்காம, பந்தே குடுக்காம ஆளுகளோட வலியைக் குறைச்ச கதை ஒண்ணு சொல்லட்டுமா? தி.நகர் துணிக்கடைகள்ல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே சேலை எடுத்துப் போட்டுச்சே பிள்ளைக, காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கிட்டு! கேரளா 2018-ல வழி காட்டுச்சு. தமிழ்நாடு 2021-ல கடை, நிறுவனச் சட்டத்தைத் திருத்தி, வேலை பாக்குறவுக உக்காருறதுக்கு இருக்கை போடணும்னு வச்சுச்சு. ஒரு ஸ்டூல் என்ன விலை இருக்கும்? 'நிற்பதை ரசிப்பது எப்படி'ன்னு வகுப்பு எடுக்கிற ஆளுக்குக் குடுக்கிற சாப்பாட்டுச் செலவு ஆகாது. எல்லாக் கடையிலயும் போட்டுட்டாகளான்னு கேக்காதே. அடுத்த தடவை நீ சேலை எடுக்கப் போறப்ப, எதிர்ல நிக்கிற பிள்ளைக்குப் பின்னால ஸ்டூல் இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு வா.

உங்களுக்கும் அப்படி ஒரு ஸ்டூல் போடணும்னு நம்ம ஜில்லா பாராமதி எம்.பி. சுப்ரியா சுலே பாத்தாக. வேலை நேரம் முடிஞ்சா ஆபீஸ் போனை எடுக்காம இருக்க உரிமை வேணும்னு 2018-லயே மசோதா எழுதினாக. 2025 டிசம்பர்ல மறுபடியும் கொண்டாந்தாக. தனிநபர் மசோதா நம்ம நாட்டுல கடைசியா சட்டமானது 1970-ல. அதனால போனை இப்போதைக்கு எடுத்துரு.

மனசு நெசமாவே சீக்காச்சுன்னா, தூக்கம் போயி சோறு இறங்கலைன்னா, மாமன் பேச்சையும் கேக்காதே, பந்தையும் அமுக்காதே. டாக்டர்கிட்ட போ. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லை. ராத்திரி நேரம்னா 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ்னு சர்க்கார் நடத்துற இலவச நம்பர், தமிழ்லயும் பேசுவாக.

அம்புட்டு தூரம் போகலைன்னா எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான். ஒனக்கு லீவு எத்தனை நாள் பாக்கி கிடக்குன்னு பாரு. பாதி நாளு மார்ச்சோட காலாவதி ஆயிரும்னு நீதானே பொலம்புனே? பத்து நாளைச் சேத்துப் போடு. மும்பையில இருந்து நாகர்கோவில் போற எக்ஸ்பிரஸ் புனேயில நின்னுதான் போகுது, டிக்கெட் எடு. லேப்டாப்பை இங்க அத்தைகிட்ட குடுத்துட்டுப் போ, பூண்டுக் கூடைக்குப் பக்கத்துல பத்திரமா இருக்கும். லீவு விண்ணப்பத்துல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல சொந்த வேலை, காய்ச்சல்னு பொய்யெல்லாம் எழுதாதே. 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மெண்ட்'னு எழுது. அவுக சொல்லிக்குடுத்த பாடம், இல்லைன்னு அவுகளால சொல்ல முடியாது.