நாலரை மணி நேரக் கம்பு

மினியாபொலிஸ்,
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முட்டிக்கு எண்ணெய் உழிச்சல் கேட்டதா என்று எழுதுங்கள்.

போனில் நீங்கள், "ஏலே, கைக்காசு போட்டு பிளேன் ஏறிப் போயி, ஜெயிக்கவும் செய்யாம தோக்கவும் செய்யாம ஓடிட்டு வந்தியாக்கும்?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா போனை வாங்கிச் சாப்பாட்டு விசாரணையை ஆரம்பித்துவிட்டாள். முப்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்கு இதைக் கடிதத்தில் விளக்கினால்தான் சரிப்படும்.

முதலில் எங்கள் ஊர் நிலவரம். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி என்றால் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள். ஏரி உறைந்ததும் அதன்மேல் காரை ஓட்டிப் போய், துளை போட்டு, மீனுக்காக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். நடுநகரில் கட்டடத்துக்குக் கட்டடம் மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலம். தெருவில் கால் வைக்காமலே கிலோமீட்டர் கணக்கில் சுற்றலாம். நான் தெருவில்தான் ஓடுகிறேன். வீடு திரும்பும்போது இமையில் பனி கட்டியிருக்கும். மீசையைத் தட்டினால் சத்தம் வரும். சித்திரை வெயிலுக்குத் தப்பித்து வந்தவன் என்று என்னைப் பற்றி ஊரில் பேச்சு உண்டல்லவா? அவன்தான் வெயிலைத் தேடி மயாமிக்கு டிக்கெட் எடுத்தான்.

அங்கே ஒரு மாரத்தானில் எனக்கு வேலை, பேஸர். மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதை நாலரை மணி நேரத்தில் முடிக்க ஆசைப்படும் கூட்டத்துக்கு முன்னால், '4:30' என்று எழுதிய அட்டையைக் கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. உங்கள் பாஷையில் சொன்னால், நான் பாசஞ்சர் வண்டி. எக்ஸ்பிரஸ்காரர்கள் முன்னாலேயே போய்விடுவார்கள். நான் டைம்டேபிள்படி போக வேண்டியவன். நாலரைக்கு ஒரு விநாடி தாண்டினாலும் மானம் போச்சு. ஐந்து நிமிடம் முந்திப் போய்ச் சேர்ந்தாலோ இன்னும் மோசம். நம்பி வந்தவர்களையெல்லாம் பாதி வழியில் மூச்சு வாங்கவைத்து உதறிவிட்டு வந்ததாக அர்த்தம். நாலரைக்குள், கடைசி ஒரு நிமிடத்துக்குள் கோட்டைத் தொட வேண்டும். 'பிஃபோர் டைம்' வந்த வண்டியை நீங்கள் அவுட்டரில் நிறுத்திவைப்பீர்களே, அதே நியாயம்தான்.

இதில் தூரம் காட்டும் கைக்கடிகாரத்தை நம்பவும் முடியாது. பந்தயப் பாதையைச் சைக்கிள் சக்கரத்தில் ஒரு எண்ணும் கருவியைப் பூட்டி அளக்கிறார்கள். வளைவுகளில் உள்முனையை ஒட்டிய மிகக் குறுகிய வழியைத்தான் அளப்பார்கள். தூரம் குறைந்து சாதனை செல்லாமல் போய்விடக்கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். ஓடுகிறவர்களோ தண்ணீர்ப் பந்தலுக்கு ஒதுங்கி, முன்னால் போகிறவரைச் சுற்றி, வளைவில் வெளிப்பக்கமாகப் போய், கூட நானூறு ஐநூறு மீட்டர் ஓடிவிடுவார்கள். கைக்கடிகாரம் "42 முடிந்தது" என்று மணியடிக்கும்போது கோடு இன்னும் கண்ணுக்கே தெரியாது. அதனால் கணக்கு வேகத்தைவிட இம்மியளவு கூடுதலாகக் கடிகாரம் காட்டும்படிதான் ஓட வேண்டும். கைப்பட்டையில் ஒவ்வொரு மைலுக்கும் நேரம் எழுதி ஒட்டியிருந்தேன். உங்கள் டிரெயின் ரிஜிஸ்டர் புத்தி எங்கே போகும்!

மயாமியில் இறங்கிய அன்று 24 டிகிரி. நான் அரைக்கைச் சட்டையில் ஆனந்தமாக நிற்கிறேன். ஓட்டல் வாசலில் இருந்தவர் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். அந்த ஊரில் குளிர் கொஞ்சம் அழுத்தினால் மரத்திலிருக்கும் இகுவானா ஓணான்கள் விறைத்துப் போய்த் தொப்பென்று கீழே விழுமாம். வானிலை அலுவலகமே எச்சரிக்கை விடுவது உண்டு. செத்ததாக நினைத்து எடுத்துக் காரில் போட்டால், சூடு ஏறியதும் எழுந்துகொள்ளும்!

பேஸர் கூட்டத்தின் தலைவருக்கு என்னைப் பார்த்து ஏகத் தெம்பு. "தென்னிந்தியா அல்லவா, உனக்கு வெயில் தூசு" என்றார். உடம்புக்குப் பிறந்த ஊர் ஞாபகமெல்லாம் கிடையாது பெரியப்பா. வெயிலுக்குப் பழக அதற்குப் பத்துப் பதினாலு நாள் வேண்டும். அதற்குள் இரத்தத்தில் நீர் கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். வெயிலை விட்டு வந்தால் சில வாரங்களில் எல்லாம் மறந்துபோகும். மயாமி என்ன, வெயில் எங்கள் குளிர்ப் பிரதேசத்தையே சும்மா விடவில்லை. 2023 அக்டோபர் 1-ம் தேதி நடக்க வேண்டிய எங்கள் இரட்டை நகர மாரத்தானை வெக்கை தாங்காது என்று அன்று விடியுமுன் ரத்து செய்தார்கள். எங்கள் மினசோட்டாவில்!

காலை 6 மணிக்கு இருட்டில் கிளம்பினோம். என்னோடு கம்பைப் பங்கிட்டுக்கொள்ள ஒரு கியூபாக்கார அம்மாள்; பள்ளி ஆசிரியை, பேரன் எடுத்தவர். ஒருவர் ஒதுங்கப் போனால் மற்றவர் கம்பைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கடல்மேல் போகும் நீண்ட சாலையில் ஏறினால், பக்கத்தில் சொகுசுக் கப்பல்கள் தெப்பத் திருவிழா வெளிச்சத்தில் நின்றன. சவுத் பீச்சுக்கு வந்தபோது விடிந்துவிட்டது. முந்தைய இரவுக் கூத்து முடித்து வீடு திரும்புகிற இளவட்டங்கள் எங்களைப் பைத்தியங்களாகப் பார்த்தார்கள். நாங்களும் அவர்களை அப்படித்தான் பார்த்தோம். ஓரத்தில் நின்றவர்கள் "வாமோஸ்! தாலே!" என்று ஸ்பானிஷில் கத்தினார்கள். கூட்டத்தில் முக்கால்வாசி அரை மாரத்தான்காரர்கள். அவர்கள் நடுநகரில் பதக்கம் வாங்கத் திரும்பியதும் சாலை வெறிச்சென்று ஆயிற்று. பாதித் தூரம் 2 மணி 15 நிமிடம், பிசகில்லை. அங்கேதான் வெயில் ஏறியது.

கோகனட் குரோவ் என்ற பேட்டையில் மாமரங்கள் பூத்திருந்தன. இது உங்களுக்காகவே எழுதுகிறேன். 1902-ல் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற கேப்டன் அந்தப் பேட்டையில் மாங்கன்றுகள் நட்டார். எல்லாம் 1889-ல் இந்தியாவிலிருந்து வந்த மல்கோவா மரத்தின் வழி வந்தவை. 'மல்கோபா' என்பார்கள் இங்கே. அதில் ஒன்று 1910-ல் காய்த்தது. பார்க்க கேப்டன் உயிரோடு இல்லை. அவர் பேரைத் தாங்கிய அந்தச் சிவப்பு மாம்பழம்தான் அமெரிக்க மாம்பழ வியாபாரத்தையே தொடங்கிவைத்தது. இதை என்னோடு ஓடியவர்களுக்கு மூச்சு வாங்கச் சொன்னேன். ஒருவரும் ரசிக்கவில்லை. அவர்களுக்கு அப்போது ஐஸ்தான் வேண்டியிருந்தது.

கிளம்பும்போது எனக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். வெயில் ஏறினால் 4:45 கம்புக்குப் போய்விடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். கேட்டவர்கள் பிழைத்தார்கள். 35-வது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தால் மூன்று பேர்! நின்று காத்திருக்கவும் முடியாது. முன்னால் ஓடிக் களைத்தவர்கள் என் கம்பு எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் தங்கள் கணக்கைப் போடுகிறார்கள். நான் பின்னால் வருவது தெரிந்ததும் ஒரு மனிதர், எமன் எருமையில் வருவதைக் கண்டமாதிரி பதறி ஓடத் தொடங்கினார். இன்னொருவர் நான் தாண்டியபோது ஸ்பானிஷில் நீளமாக ஏதோ சொன்னார். கியூபா அம்மாளிடம் அர்த்தம் கேட்டேன். "உன் அம்மாவை விசாரித்தார்" என்றார்.

4 மணி 29 நிமிடம் 38 விநாடிக்குக் கோட்டைத் தாண்டினோம். அதன்பின் ஒரு தெருமுனை ஜன்னல் கடையில் அந்த அம்மாள் காப்பி வாங்கித் தந்தார். முதலில் இறங்கும் டிகாக்‌ஷனில் சர்க்கரையைப் போட்டு நுரைக்க அடிக்கிறார்கள். குடித்ததும் போன உயிர் வந்தது.

சம்பளம் உண்டா என்று கேட்பீர்கள். ஒரு பனியன், நுழைவுக் கட்டணம் கிடையாது, எல்லோருக்கும் தரும் அதே பதக்கம். முன்வரிசை ஓட்டக்காரர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுக்கும் பேஸர்களுக்குத்தான் காசு. 1994-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பால் பில்கிங்டன் என்பவரை அப்படிக் கூலிக்கு அமர்த்தினார்கள். பாதிக்கு மேல் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு ஒதுங்க வேண்டியவர். பின்னால் யாரையும் காணோமே என்று ஓடிக்கொண்டே இருந்து ஜெயித்தேவிட்டார்! 27,000 டாலரும் ஒரு மெர்சிடிஸ் காரும் பரிசு. இரண்டாவது வந்த இத்தாலிக்காரர் தான்தான் முதல் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு அப்படி யோகம் அடிக்க வேண்டுமானால் முன்னால் போன ஆயிரக்கணக்கானோர் வழிதவறிப் போக வேண்டும்.

அடுத்த வருடமும் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். இதை இப்போதைக்குப் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம். கால் வலி பற்றிக் கேட்டால் சுத்தமாக இல்லை என்று சொல்லுங்கள். மாடிப்படி இறங்கும்போது மட்டும் முதுகுப்பக்கமாக இறங்குகிறேன். கைப்பிடி இருப்பதால் பயமில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்