உருண்டது பந்து, புரண்டது சட்டம்

ஜெர்மானியர்கள் ஒழுங்கானவர்கள் என்று உலகம் நம்புகிறது. அவர்கள் ஊர் ரயில் நேரத்துக்கு வரும் என்றுகூட இன்னும் சிலர் நம்புகிறார்கள். சூதாட்டத்தில் அந்த ஒழுங்கு எந்த லட்சணத்தில் இருந்தது என்று எழுதிவைத்தவர் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். காலம் சுமார் கி.பி. 98. அவருக்கு ஒரே ஆச்சரியம்: அந்தக் காட்டுக் கூட்டம் குடிக்காமல், முழு நிதானத்தோடு, ஏதோ முக்கியமான அலுவல் பார்ப்பதுபோலப் பகடை ஆடியது. கையில் இருந்ததெல்லாம் போன பிறகு, கடைசி வீச்சுக்குத் தங்களையே பணயம் வைப்பார்களாம். தோற்றவன் வாய் பேசாமல் அடிமையாகப் போவானாம்.

இது நமக்குப் பழைய கதை. அஸ்தினாபுரத்தில் தருமபுத்திரர் தம்பிமாரையும் மனைவியையும் சேர்த்தே வைத்து ஆடி முடித்துவிட்டார். ஆனால் டாசிட்டஸ் இன்னொன்றும் சொல்கிறார். அது சகுனிக்குக்கூடத் தோன்றாதது. வென்றவன் அந்த அடிமையை வீட்டில் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டு, வெளியாருக்கு விற்றுவிடுவானாம். பணம் வேண்டும், ஆனால் அது எப்படி வந்தது என்று அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது. அடுத்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளில் ஜெர்மன் அரசுகள் போட்ட சூதாட்டச் சட்டங்களுக்கெல்லாம் மனுஷன் அன்றைக்கே முன்னுரை எழுதிவிட்டார்.

பகடைக் காலத்தைத் தாண்டி நேரே ஹோம்புர்குக்குப் போவோம். ஃப்ராங்க்ஃபுர்ட் நகருக்குப் பக்கத்தில் ஹெஸ்ஸே-ஹோம்புர்க் என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்பது மரியாதைக்குச் சொல்வது. சிற்றரசர் இருந்தார், கோட்டை இருந்தது, கடன் தாராளமாக இருந்தது. இவை தவிர, வயிற்றுக்கு நல்லது என்று வைத்தியர்கள் சொன்ன ஊற்றுத் தண்ணீரும் இருந்தது. தண்ணீரை மட்டும் விற்றுக் கடனை அடைத்த அரசர் சரித்திரத்தில் இல்லை.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் பிளாங் சகோதரர்கள். பிரான்சுக்காரர்கள், இரட்டையர், 1806இல் பிறந்தவர்கள். ஃப்ரான்ஸ்வா, லூயி. இவர்களுடைய முன்கதையைச் சொல்லாமல் போனால் பாவம். போர்தோ நகரில் இவர்கள் பத்திர வியாபாரம் செய்தார்கள். பாரிஸில் விலை ஏறியதா இறங்கியதா என்ற செய்தி அங்கே வந்து சேரப் பல நாட்கள் ஆகும். அரசாங்கத்திடம் மட்டும் கோபுரத்துக்குக் கோபுரம் மரக்கைகளை ஆட்டிச் செய்தி அனுப்பும் தந்தி இருந்தது. பொதுமக்களுக்கு அதில் இடமில்லை. சகோதரர்கள் தூர் நகரத்துத் தந்தி ஆளைக் கவனித்தார்கள். அவர் அரசாங்கச் செய்தியின் நடுவில் வேண்டுமென்றே ஒரு பிழையைச் செருகி, அடுத்த கணமே 'பிழை, விட்டுவிடவும்' என்று சைகை காட்டுவார். அந்தப் பிழைதான் பத்திர விலை. இரண்டு வருடம் ஓடியது. 1836இல் மாட்டினார்கள். வழக்கு நடந்தது. தந்தியில் இப்படிச் செய்வது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சகோதரர்கள் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்கள். வலைப்பின்னலில் புகுந்து திருடிய முதல் ஆட்கள் இவர்கள்தான் என்று இன்றைய கணினிக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆன்லைன் சூதாட்டத்தின் கொள்ளுத்தாத்தாக்கள் என்று சொல்ல நினைத்தால் நானும் தடுக்க மாட்டேன்.

பிரான்ஸ் 1837 டிசம்பர் 31 நள்ளிரவோடு சூதாட்ட விடுதிகளை இழுத்து மூடியது. பிளாங் சகோதரர்கள் ஊர் ஊராகப் பார்த்து, கடைசியில் ஹோம்புர்க் அரசர் கதவைத் தட்டினார்கள். 1841இல் ஆட்டம் தொடங்கியது. ரூலெட் சக்கரத்தில் வழக்கமாக இருந்த இரண்டு பூஜ்யங்களில் ஒன்றை எடுத்தார்கள். பூஜ்யம் விழுந்தால் விடுதிக்கு லாபம். ஒன்று குறைந்தால் ஆடுபவனுக்குக் கொஞ்சம் சகாயம். 'எங்களிடம் பூஜ்யம் ஒன்றே ஒன்று' என்ற கவர்ச்சியில் ஐரோப்பாவின் சீமான்களெல்லாம் வயிற்றுக் கோளாறுடன் ஹோம்புர்குக்குக் கிளம்பினார்கள். உள்ளூர்க் குடிமக்கள் ஆடக் கூடாது என்று மட்டும் ஒரு விதி. அரசருக்குத் தம் மக்கள்மேல் அவ்வளவு பாசம். ரஷ்யர்கள் கெட்டுப்போகலாம்.

1848இல் ஜெர்மனியில் புரட்சி. ஃப்ராங்க்ஃபுர்ட்டில் தூய பவுல் தேவாலயத்தில் ஜெர்மனி முழுமைக்குமான முதல் நாடாளுமன்றம் கூடியது. பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் மாதக்கணக்கில் பேசினார்கள். அரசியல் சாசனம் எழுதினார்கள். பேரரசர் பட்டத்தைப் பிரஷ்ய மன்னருக்கு நீட்டினார்கள். அவர் வேண்டாம் என்றார். நாடு முழுவதும் சூதாட்ட விடுதிகளை 1849 மே 1 முதல் மூட வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். ஹோம்புர்க் காது கேளாததுபோல இருந்தது. ரூலெட் சக்கரத்தை நிறுத்த ஆஸ்திரியச் சிப்பாய்கள் அணிவகுத்து வந்தார்கள். ஃப்ரான்ஸ்வா பிளாங் விடுதியை மூடினார். மூடியதும் அதையே 'தனியார் சங்கம்' ஆக்கினார். அடுத்த மாதமே நாடாளுமன்றம் கலைத்து விரட்டப்பட்டது. சிப்பாய்களும் போனார்கள். சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கியது. ஜெர்மன் ஜனநாயகம் திரும்பி வர இன்னும் எழுபது வருடம் ஆனது. ரூலெட்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

விடுதியை யாரும் அசைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1852இல் நெப்போலியனின் தம்பி மகன் சார்ல் லூசியன் போனபார்ட் வந்தார். ஊரறிந்த பறவை ஆராய்ச்சியாளர். வந்த சில நாட்களில் விடுதியைக் கிட்டத்தட்ட மொட்டையடித்துவிட்டு, ஜெயித்த பணத்தோடு கிளம்பினார். சூதாடி ஒருவன் ஜெயித்ததும் எழுந்து போவது இயற்கைக்கு விரோதம். பறவைகளைப் பார்த்துப் பழகியவருக்கு, எப்போது பறக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. 1860இல் கார்சியா என்ற ஸ்பெயின்காரர் அதைவிடப் பெரிதாக வாரினார். பிளாங் பதறவே இல்லை. எதிர்பார்த்தபடியே கார்சியா திரும்பி வந்தார், அத்தனையையும் விட்டுப்போனார்.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றி நான் சொல்லாவிட்டால் தமிழ் இலக்கிய உலகம் மன்னிக்காது. 1865இல் வீஸ்பாடன் சூதாட்ட விடுதியில் ஐந்தே நாளில் அவர் கையிருப்பு காலி. ஓட்டல்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தேநீர் மட்டும் கொடுத்தார். தஸ்தயேவ்ஸ்கி சக எழுத்தாளர் துர்கனேவிடம் 100 தாலர் கேட்டுக் கடிதம் போட்டார், 50 வந்தது. மறுவருடம் அக்டோபரில், பதிப்பாளரின் கெடுவுக்குள் நாவல் தராவிட்டால் தம் எழுத்தின் உரிமையே போய்விடும் என்ற நிலையில், அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணிடம் 26 நாளில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார். பிறகு அந்தப் பெண்ணையே மணந்துகொண்டார். பிறகு அவளைப் பாடன்-பாடனுக்குக் கூட்டிப்போய்த் திருமண மோதிரத்தை அடகு வைத்தார். கதையில் வரும் ரூலெட்டன்புர்க் எங்கள் ஊர்தான் என்று ஹோம்புர்கும் வீஸ்பாடனும் இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன. ஒரு மேதையை ஓட்டாண்டியாக்கியது நாங்கள்தான் என்று இரண்டு நகரங்கள் போட்டி போடுவதை வேறு எங்கே பார்க்க முடியும்?

ஆஸ்திரியாவுக்கு எதிரான 1866 போரில் வென்ற பிரஷ்யா ஹோம்புர்கை விழுங்கியது. பிரஷ்யர்களுக்குச் சூதாட்டம் ஆகாது. போரில் ஆடுவது கணக்கில் சேராது. 1868இல் சட்டம் போட்டார்கள். உடனே மூடினார்களா என்றால் இல்லை. 1872 டிசம்பர் 31 வரை அவகாசம். தீமையை ஒழிப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும், வசூல் பாக்கி இருக்கும்போது. ஃப்ரான்ஸ்வா பிளாங் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1863லேயே மொனாகோவில் உரிமம் வாங்கி, பாறை மேட்டை மான்டே கார்லோ ஆக்கிக்கொண்டிருந்தார். அங்கேயும் அதே விதி: உள்ளூர்க்காரன் ஆடக் கூடாது.

ஜெர்மனியில் அறுபது வருட ஒழுக்கம். அதை முடித்துவைத்தவர் யார் என்று யூகிக்க முடிகிறதா? 1933 ஜூலை 14. அன்றைக்கு ஹிட்லர் அரசு புதிய கட்சிகள் தொடங்குவதைத் தடைசெய்தது. அதே தேதியில் பொதுச் சூதாட்ட விடுதிகளை அனுமதிக்கும் சட்டமும் வந்தது. நாட்டில் கட்சி ஒன்றுதான். ஆனால் சிவப்பா கறுப்பா என்று ரூலெட் மேசையில் தேர்ந்தெடுக்கலாம். அந்த வருடமே பாடன்-பாடன் விடுதி திறந்தது. வெளிநாட்டுப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். போருக்குப் பிறகு அந்தச் சட்டத்தை யாரும் தூக்கிப் போடவில்லை. விடுதிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேசை வசூலில் 80 விழுக்காடுவரை மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. மீதியை விடுதிக்காரர் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கலாம்.

இனி எல்லாம் காகித யுகம். 1990இல் கிழக்கு ஜெர்மனி உயிரை விட்டுக்கொண்டிருந்தபோது, அதன் அதிகாரிகள் பந்தயத் தொழிலுக்கு நான்கு உரிமங்களில் முத்திரை குத்தினார்கள். அக்டோபரில் நாடே மறைந்தது. உரிமம் மட்டும் உயிரோடு இருந்தது. 'ஒன்றுபட்ட ஜெர்மனி முழுவதும் இது செல்லும்' என்று உரிமக்காரர்கள் சொல்ல, 'செத்த நாட்டின் எல்லைக்குள் மட்டும்தான்' என்று மேற்கு மாநிலங்கள் சொல்ல, வழக்கறிஞர்களுக்குப் பல வருடம் சோறு கிடைத்தது. பொதுவுடைமை விட்டுப்போன சொத்தில் லாபம் தந்தது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

விளையாட்டுப் பந்தயம், லாட்டரி எல்லாம் அப்போது மாநில அரசுகளின் ஏகபோகமாக இருந்தன. 2006 மார்ச் 28இல் கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு சங்கடமான கேள்வி கேட்டது: மக்கள் சூதுக்கு அடிமையாகக் கூடாது என்பதற்காக ஏகபோகம் என்கிறீர்கள், அப்படியானால் ஏன் இவ்வளவு விளம்பரம் செய்கிறீர்கள்? மாநிலங்கள் தலையைச் சொறிந்துகொண்டு, 2008இல் ஓர் ஒப்பந்தம் போட்டன. இணையத்தில் எந்தச் சூதும் கூடாது. தெருமுனை விளையாட்டுக் கூடங்களில் நாணயம் விழுங்கும் இயந்திரங்கள் மட்டும் வழக்கம்போல ஓடின. அது வணிகச் சட்டத்தின் கீழ் வருகிறதாம், ஆகவே வேறு சங்கதியாம். 2010 செப்டம்பர் 8இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டு, ஒரு கையால் தடுத்து மறுகையால் ஊட்டுகிறீர்கள் என்ற பொருளில் தீர்ப்பெழுதியது.

பதினைந்து மாநிலங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, வடகோடியில் 30 லட்சம் பேர்கூட இல்லாத ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் தனிக்கடை போட்டது. 2012 ஜனவரி 1 முதல் இணையக் காசினோவுக்கும் உரிமம். மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. புது அரசுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தானே என்று, அதை நீக்கும்வரை உரிமங்களை வழங்கிக்கொண்டே இருந்தது. 2013இல் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. கொடுத்த உரிமங்களுக்கு ஆறு வருட ஆயுள். ஆகவே நாடு முழுவதும் ஒளிபரப்பான தொலைக்காட்சி விளம்பரங்களில், காசினோ பளபளத்து முடிந்ததும் ஒரு குரல் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்: 'ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைனில் வசிப்பவர்களுக்கு மட்டும்.' பவேரியாவில் சோபாவில் சாய்ந்திருந்தவர் இதைக் கேட்டு உடனே கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார் என்று நம்ப வேண்டும்.

மற்ற மாநிலங்கள் அதே 2012இல் விளையாட்டுப் பந்தயத்துக்கு 20 உரிமங்கள் தருவோம் என்றன. யாருக்குத் தருவது என்பதில் வழக்கு, மேல்வழக்கு. அந்த இருபதில் ஒன்றுகூடக் கடைசிவரை பயன்பாட்டுக்கு வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் மால்டாவிலும் ஜிப்ரால்டரிலும் உட்கார்ந்துகொண்டு பந்தயம் வாங்கியவர்களிடம் ஜெர்மன் வரித்துறை 5 விழுக்காடு வரி வசூலித்தது. உரிமம் இல்லை, ஆனால் ரசீது உண்டு.

ஒருவழியாக 2021 ஜூலை 1இல் பதினாறு மாநிலங்களும் சேர்ந்து இணையச் சூதை அனுமதித்தன. டாசிட்டஸ் கண்ட அந்த நிதானத்தை இப்போது சட்டமே கட்டாயமாக்கியது. பொதுவாக மாதம் ஒருவர் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 1,000 யூரோதான் போடலாம். திரையில் சுற்றும் இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் ஒரு யூரோ. ஒரு சுற்று சராசரியாகக் குறைந்தது ஐந்து விநாடி நடக்க வேண்டும். அதுவரை அமைதியாகக் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆடினால் ஐந்து நிமிடம் கட்டாய ஓய்வு. ஒரு தளத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் வழியில் ஐந்து நிமிடக் காத்திருப்பு. மனசு பதறினால் அழுத்த ஒரு பொத்தான். அழுத்தினால் 24 மணி நேரம் கதவு மூடும். இந்த இயந்திர ஆட்டத்துக்குக் 'காசினோ' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்யவும் கூடாது. கண்காணிக்க ஹாலே நகரில் ஓர் ஆணையம். கட்டும் ஒவ்வொரு யூரோவிலும் 5.3 விழுக்காடு வரி, ஆடுபவர் ஜெயித்தாலும் தோற்றாலும். பாடன்-பாடனின் சரவிளக்குகளுக்குக் கீழே, கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரே சுற்றில் ஆயிரக்கணக்கில் இழக்க மட்டும் தடையேதும் இல்லை.

இந்த ஐந்து விநாடிகளைப் பொறுக்க முடியாத ஆட்கள் ஜெர்மன் உரிமமில்லாத தளங்களுக்கு ஓடினார்கள். தோற்றார்கள். இப்படித் தோற்றவர்களுக்காக யாரோ ஒரு வழக்கறிஞருக்குப் பொறி தட்டியது: ஜெர்மன் உரிமம் இல்லாதவனோடு செய்த ஒப்பந்தம் செல்லாது அல்லவா, அப்படியானால் தோற்ற பணத்தைத் திருப்பிக் கேட்கலாமே? கேட்டார்கள். பல ஜெர்மன் நீதிமன்றங்கள் கொடு என்றும் தீர்ப்பளித்தன. சூதில் இழந்ததைத் திருப்பி வாங்கிய புண்ணியவான்கள் திரௌபதிக்குப் பிறகு இவர்கள்தான். தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த நிறுவனங்கள் பதிவாகியிருக்கும் மால்டாவுக்குப் போனார்கள். மால்டா அரசு 2023இல் தன் சூதாட்டச் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தது: மால்டாவில் உரிமம் பெற்று முறையாகத் தொழில் செய்பவர்களுக்கு எதிராக வெளிநாட்டு நீதிமன்றம் இப்படித் தீர்ப்புச் சொன்னால், எங்கள் நீதிமன்றம் அதை ஏற்காது, நிறைவேற்றவும் செய்யாது. நாட்டின் வருமானத்தில் சூதாட்டத் தொழிலின் பங்கு அங்கே சிறியதல்ல. பிளாங் சகோதரர்கள் இருந்திருந்தால் இந்நேரம் மால்டாவில்தான் அலுவலகம் போட்டிருப்பார்கள்.