உளியா, மரமா?

கே: புகைக்கும் பைப்பை மரத்தில் செதுக்குபவரின் பெரிய தலைவலி எது? உளி வழுக்குவதா?

ப: உளி வழுக்கினால் விரலோடு போகும், மரம் ஏமாற்றினால் மாத உழைப்பே போகும்! பிரான்சின் செயின்ட் க்ளாட் ஊர் பைப்புகளுக்குப் பேர்போனது. அங்கே செதுக்கும் பிரையர், மத்திய தரைக்கடல் ஓரத்துப் புதர் ஒன்றின் வேர்முடிச்சு. மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, கடைந்து முடிக்கும் வேளையில்தான் உள்ளே ஒளிந்திருந்த மணற்குழி என்னும் சிறு பள்ளம் பல்லைக் காட்டும். வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

லண்டன் டன்ஹில் நிறுவனம் 1917-இல் மணலைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கிய 'ஷெல்' பைப்பைக் கொண்டுவந்தது. சிறு குழிகள் அந்தச் சொரசொரப்பில் மறைந்துபோகும். ஆனால் புகைத்துளை கோணலாக விழுந்தால், கட்டை அடுப்புக்குத்தான்.

மரத்தூள், புகை இரண்டுமே நுரையீரலுக்கு ஆகாது. செதுக்கும்போது முகக்கவசம் போடுங்கள். செதுக்கியதை அலமாரியில் வையுங்கள், வாயில் வேண்டாம்.